ஒரகடத்துக் குளியலறைகள்

ஒரகடம் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள தொழிலாளர் விடுதிகளின் குளியலறைகளைப் போல ஆபத்தான இடம் உலகத்தில் வேறெங்கும் இருக்க முடியாது. இதை நான் ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை. நெடுஞ்சாலையோரத்தில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் நெடுநாளாக வேலை பார்ப்பவள் என்ற தகுதியில் சொல்கிறேன். அந்தக் குளியலறைகளில் வழுக்கி விழுந்தவர்களுக்கு விரல் நசுங்கியிருக்கும். முன்கையில் கொதிக்கும் எண்ணெய் தெறித்த கொப்புளம் இருக்கும். கண்ணில் இரும்புத் தூள் குத்திக்கொண்டு நிற்கும். ஒருவருக்கு முதுகில் கன்வேயர் பெல்ட்டின் வரிகள் அச்சு அசலாகப் பதிந்திருந்தன. அவரும் குளிக்கப் போன இடத்தில் கால் வழுக்கியவர்தான். யூனிஃபார்ம், பாதுகாப்பு ஷூ, கழுத்தில் அடையாள அட்டை எல்லாவற்றோடும் குளிக்கப் போயிருக்கிறார், பாவம்.

காரணம் ரொம்ப எளிது. சில தொழிற்சாலைகளின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. விபத்தில்லாமல் எத்தனை நாள் ஓடியது என்று அதில் தினமும் எண்ணை மாற்றுவார்கள். எண் ஏற ஏற மேலே இருப்பவர்களுக்குக் கேடயம் வரும், கீழே இருப்பவர்களுக்கு ஸ்வீட் பாக்ஸ் வரும். யாராவது ஒருத்தர் கையைக் கொண்டுபோய் மெஷினில் கொடுத்துவிட்டால் எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். போலீசுக்குத் தகவல் போகும், கேள்வி கேட்க ஆட்கள் வருவார்கள். விடுதிக் குளியலறைக்கு அப்படிப்பட்ட பலகை எதுவும் கிடையாது. அங்கே யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் விழலாம்.

எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். 'மெஷினில் அடிபட்டது டாக்டர், சீக்கிரம் பாருங்கள்' என்று உள்ளதைச் சொல்லி ஓடி வருகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

நோயாளிகளைப் பார்ப்பதோடு, அவசர மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கும் இளம் டாக்டர்களுக்குப் பாடம் நடத்துவதும் என் வேலை. அதற்காகக் கல்லூரி எங்களுக்கு வெளிநாட்டுப் பொம்மை ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறது. ஆளுயர ரப்பர் மனிதன். மூச்சு விடுவான், நாடி துடிக்கும், பொத்தானை அழுத்தினால் முனகுவான். ரத்த அழுத்தம் நாம் சொன்ன நேரத்தில் சொன்ன அளவுக்கு இறங்கும். அவன் படுத்திருக்கும் அறைக்கு ஏ.சி. உண்டு, எங்கள் டாக்டர்களின் ஓய்வறைக்குக் கிடையாது. பொறாமையில் சொல்லவில்லை, ரப்பர் உருகிவிடுமாம். அவன்மீது எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். அவன் பொய் சொல்வதில்லை. நெஞ்சு வலிக்கிறது என்றால் அவனுக்கு நெஞ்சுதான் வலிக்கும். முக்கியமாக, அவனோடு ஹெச்.ஆர். வருவதில்லை.

எங்கள் நிஜ நோயாளிகளோடு ஹெச்.ஆர். வருவார். மற்ற ஊர்களில் அடிபட்டவனோடு அம்மா வருவாள், மாமா வருவார், அழுவதற்கென்றே நாலு பேர் வருவார்கள். இங்கே தொழிற்சாலை லைனில் நின்று வேலை செய்யும் பிள்ளைகளின் அப்பா அம்மாவெல்லாம் தென்மாவட்டங்களில் இருக்கிறார்கள். ஆகவே அந்த உறவையெல்லாம் கம்பெனியின் மனிதவளத் துறையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நோயாளியின் தலைமாட்டில் அவர் நிற்பார். பெயர் என்ன என்று நோயாளியைக் கேட்டால் அவர் சொல்வார். எங்கே வலிக்கிறது என்று கேட்டாலும் அவர்தான் சொல்வார். எப்படி அடிபட்டது என்று கேட்கும்போது மட்டும் நோயாளி ஒருமுறை அவரைப் பார்த்துவிட்டுக் கூரையைப் பார்ப்பார். என் மாணவர்களோ, சட்டையை டக் இன் செய்து ஆங்கிலம் பேசும் ஆளைக் கண்டால் படுத்திருப்பவரை மறந்துவிடும் ரகம். டாக்டரும் ஹெச்.ஆரும் சுகமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஒரு கை ரத்தம் சொட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் நான் புதிதாக வருகிறவர்களுக்கு நடத்தும் முதல் பாடம் மூச்சுக்குழாயைப் பற்றியது அல்ல, மருந்துக் கடையைப் பற்றியது. எங்கள் மருந்துக் கடை கட்டடத்தின் மறுகோடியில் இருக்கிறது. டோக்கன் வாங்க ஒரு வரிசை, பணம் கட்ட ஒரு வரிசை, மருந்து வாங்க ஒரு வரிசை. இதைக் கட்டியவரை எல்லோரும் திட்டுவார்கள், நான் மட்டும் மனதுக்குள் கும்பிடுவேன். சீட்டில் ஏதாவது எழுதி, 'சார், இதை உடனே வாங்கிட்டு வாங்க' என்று கூட வந்தவரிடம் நீட்ட வேண்டும். கூட வந்தவர் மருந்து வாங்க ஓடுவதுதான் நம் ஊர் ஆஸ்பத்திரி வழக்கம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அவர் திரும்பி வருவதற்குள் நோயாளியிடம் நாலு வார்த்தை தனியாகப் பேசிவிடலாம். எழுதுகிற பொருள் விலை குறைந்ததாகவும் எப்படியும் நமக்குத் தேவைப்படுவதாகவும் இருக்க வேண்டும். ஆகவே பஞ்சு. அந்தக் காலத்தில் எங்கள் பிரிவில் இருந்த பஞ்சை வைத்து ஒரு ஊருக்கே மெத்தை தைத்துக் கொடுத்திருக்கலாம்.

பாடத்தை நன்றாக நடத்தினால் மாணவர்கள் நன்றாகப் படித்துவிடுவார்கள், அதுதான் தொல்லை. ஒருநாள் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் பக்கத்துத் தண்டலத்திலிருந்து மணிக்கட்டு வீங்கி வந்தார். கூட அவர் மனைவி. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றார். என் மாணவன் ஒருவன் ஒரு மாதிரியாகச் சிரித்தபடி அந்த அம்மாவைப் பஞ்சு வாங்க அனுப்பினான். பிறகு குனிந்து, ரகசியக் குரலில் கேட்டான்: "பரவால்ல சார், இப்ப சொல்லுங்க. எந்தக் கம்பெனி? எந்த மெஷின்?"

வாத்தியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "என் வூட்டு பாத்ரூம்பா" என்றார்.

"பயப்படாதீங்க சார்."

"இன்னாத்துக்குடா நான் பயப்படணும்? சோப்பு வழுக்கிச்சு, வுழுந்தேன். இதுல இன்னா மெஷினு?"

இந்த மாணவனைப் பற்றித்தான் நான் இங்கே சொல்ல வந்தேன். சென்னைப் பையன், படிப்பில் முதல் ஆள். ரப்பர் மனிதன் அவன் கையில் ஒருமுறைகூடச் செத்ததில்லை. புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று சொல்லுவான். ஆனால் உயிருள்ள மனிதர்களிடம் பேசச் சொன்னால் அறிவிப்புப் பலகையை வாசிப்பதுபோலப் பேசுவான். வாத்தியார் விவகாரத்துக்குப் பிறகு அவன் கூச்சம் இன்னும் அதிகமாகி, நோயாளியிடம் கேள்வி கேட்கவே தயங்கினான். எனக்கு எரிச்சலாக வரும். அவனை வகுப்பில் கிண்டல் செய்யாத நாள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வாழைப்பழப் பாடம் நடத்தினேன். கிரீஸ், பெயிண்ட், எண்ணெய் இதையெல்லாம் பயங்கர அழுத்தத்தில் பீய்ச்சும் கருவிகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அவற்றின் நுனி விரலில் பட்டால் வெளியே ஊசி குத்தினாற்போல ஒரு புள்ளிதான் தெரியும். முதலில் வலிகூட அவ்வளவாக இருக்காது. உள்ளே போன கிரீஸ் விரல் முழுக்க, சில சமயம் உள்ளங்கை வரைக்கும் ஓடியிருக்கும். அன்றைக்கே விரலைத் திறந்து கழுவி எடுக்காவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். புள்ளியைப் பார்த்து ஏமாந்து, டி.டி. என்கிற டெட்டனஸ் தடுப்பூசி போட்டு வீட்டுக்கு அனுப்பினால் தீர்ந்தது கதை. இதைப் படம் போட்டுக் காட்டினால் தூங்கிவிடுவார்கள் என்று, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்து, ஒன்றில் நீல மையை ஊசியால் வேகமாக ஏற்றினேன். தோலில் ஒரு பொட்டு. உரித்துக் காட்டினால் உள்ளே பழம் முழுக்க நீலம். மாணவர்கள் 'ஓ' என்றார்கள். மீதிப் பழங்களைச் சாப்பிட்டார்கள். நம் முதல் மாணவன் கையைத் தூக்கி, "மேடம், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டான். வரும் என்று பொய் சொன்னேன்.

இதற்கிடையில் ஹெச்.ஆர்.களும் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் ஹெச்.ஆர். குறிப்பாகக் கெட்டிக்காரர். எங்கள் பஞ்சுத் தாகத்தை அவர் கவனித்துவிட்டார். அடுத்த தடவையிலிருந்து தனியாக வருவதை நிறுத்திவிட்டு, விடுதி வார்டனம்மாவையும் சேர்த்துக் கூட்டிவந்தார். சீட்டை நீட்டினால் வார்டன் பஞ்சு வாங்கப் போவார், ஹெச்.ஆர். தலைமாட்டை விட்டு நகர மாட்டார். இப்படியொரு மூளையைப் பாதுகாப்புக்குச் செலவழித்திருந்தால் எனக்கு வேலையே இருந்திருக்காது.

அவர்கள் இரண்டு பேருமாக ஒரு பிற்பகலில் இளம்பெண் ஒருத்தியைக் கூட்டிவந்தார்கள். ஷிஃப்ட் மாறும் நேரம். வெளியே கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தன. அவளுக்கு இருபது வயதுக்குள்தான் இருக்கும். திருநெல்வேலிப் பக்கம். வலது கை ஆள்காட்டி விரலை இடது கையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிர்க் கட்டிலில் நெஞ்சு வலியோடு வந்த ஒரு லாரி முதலாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மாணவன்தான் அவளிடம் போனான்.

"ஒண்ணும் இல்ல டாக்டர், ஹாஸ்டல் பாத்ரூம் கதவுல ஒரு ஆணி நீட்டிக்கிட்டு இருந்துருக்கு. குத்திடுச்சு. ஒரு டி.டி. போட்டு விட்டீங்கன்னா கெளம்பிடுவோம்" என்றார் ஹெச்.ஆர்.

மாணவன் விரலைப் பார்த்தான். நுனியில் ஒரு சின்னப் புள்ளி. பஞ்சுக்குச் சீட்டு எழுதினான். ஹெச்.ஆர். அதை வாங்கி, புன்னகையோடு வார்டனிடம் கொடுத்தார். வார்டன் போனார். ஹெச்.ஆர். அங்கேயே நின்றார். என் மாணவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். நானும் அந்த நேரத்தில் என்ன செய்வது? லாரி முதலாளியின் ஈ.சி.ஜி. எனக்குப் பிடிக்காத விதத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சரி, டி.டி. போட்டு அனுப்பப் போகிறான் என்று நினைத்தேன். அவன் அனுப்பவில்லை. எக்ஸ்-ரே எடுக்க வேண்டும் என்றான்.

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. தேவையில்லாமல் எக்ஸ்-ரே எடுப்பது எனக்கு ஆகாது என்று பிரிவில் எல்லோருக்கும் தெரியும். ஆணி குத்தினதுக்கு எக்ஸ்-ரேவா, நாளைக்குக் கொசு கடித்தால் ஸ்கேன் எடுப்பாயா என்று கேட்பதற்கு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, லாரி முதலாளியை இதயப் பிரிவுக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு, எக்ஸ்-ரே அறைக்கு விறுவிறுவென்று நடந்தேன்.

நடைபாதையின் மறுகோடியில் ஹெச்.ஆர். ஒரு நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பஞ்சு மூட்டையோடு வார்டன். எக்ஸ்-ரே டெக்னீஷியன் வல்லக்கோட்டைக்காரர். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திச் சிரித்தார்.

"இன்னா மேடம், நீங்களே வந்துட்டீங்க? அந்த ஆளு கதவாண்டயே நிக்கறேன்னாரு. சார், ரேடியேசன் கீது, கல்யாணம் ஆயிடுச்சா, கொழந்தைங்க வோணாமான்னு கேட்டேன். அத்தோட அந்தக் கோடில போயி குந்திக்கினாரு. டாக்டர் தம்பிதான் அப்டி சொல்லச் சொல்லிச்சு."

எனக்குத் தயாராக இருந்த வாக்கியம் மறந்துபோனது. அறைக்குள் இருந்த கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றேன். உள்ளே மேஜைமீது கையை நீட்டி அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால், மழைக்கோட்டு போல ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு என் மாணவன் வியர்த்து வழிந்துகொண்டிருந்தான்.

"இங்க ஹெச்.ஆர். வர முடியாது" என்றான். அறிவிப்புப் பலகைக் குரல்தான். "கதவு கனமானது. சத்தம் வெளிய போகாது. ஆணி குத்துனா வலிக்கும். நீங்க மரத்துப்போயிருக்குன்னு சொல்றீங்க. விரல் வெளுத்துருக்கு. அது ஆணி இல்ல."

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கிரீஸா, பெயிண்டா, எண்ணெயா? அத மட்டும் சொல்லுங்க. மத்தது எதுவும் வேணாம்."

"சொன்னா வேல போயிரும்லா சார்" என்றாள். குரலே வரவில்லை. "நா டிரெய்னிதான். பெர்மனன்ட் பண்ணுதோம்னு சொல்லிருக்காவ. தங்கச்சிய இந்த வருசந்தான் காலேஜ்ல சேத்துருக்கு."

புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இது இல்லை. என் மாணவன் ஈயக் கவசத்தின் நாடாவை முறுக்கினான். பிறகு, "நானும் டிரெய்னிதாங்க" என்றான். "இந்த ரோட்டுல கம்பெனிக்குக் கொறச்சலே இல்ல. இது இல்லன்னா எதிர்ல ஒண்ணு. வெரல் போச்சுன்னா எந்தக் கம்பெனிலயும் எடுக்க மாட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள கழுவணும். நாளைக்குன்னா முடியாது."

அவள் விரலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"கிரீஸ் கன்னு சார்" என்றாள். "வராம அடச்சிக்கிட்டு. நுனிய வெரலால தொடச்சி விட்டேன். பொசுக்குன்னு அடிச்சிட்டு. எறும்பு கடிச்சாப்புலதான் இருந்துச்சு. பாத்ரூம்னு சொல்லுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாவ."

பயந்துதான் போனேன், மறைப்பானேன்? டி.டி. ஊசி ட்ரேயில் தயாராக இருந்தது. ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருந்தால் ஒரு வாரம் கழித்துக் கறுத்த விரலோடு திரும்பி வந்திருப்பாள். உள்ளே போய் விரலைத் தொட்டுப் பார்த்தேன். கல்லாக இறுகியிருந்தது. படத்தில் எலும்பெல்லாம் அழகாக இருந்தன, கிரீஸுக்குப் புகைப்படத்தில் விழும் பழக்கம் கிடையாது. கை அறுவை சிகிச்சை நிபுணர் அன்று மாலை வரை மருத்துவமனையில் இருந்தார். போனில் 'கிரீஸ் கன்' என்ற வார்த்தையைச் சொன்னதும், மற்ற எதையும் கேட்காமல் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார்.

இனி ஹெச்.ஆரிடம் சொல்ல வேண்டும். நானே சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, முதலில் சிரித்தார், பிறகு முகம் மாறியது.

"மேடம், ஆணி குத்துனதுக்கு ஆபரேஷனா? பில் போடுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"கிரீஸ் உள்ளே போயிருக்கு."

"யாரு சொன்னா? பாப்பா, நீ சொன்னியா?" அவள் தலையைக் குனிந்தாள். அவர் குரலைத் தணித்து, என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "மேடம், புரிஞ்சிக்கோங்க. எங்களுக்குப் பாதுகாப்பு வாரம் நடக்குது. நாளைக்கு ஆடிட். எங்க டை-அப் நர்சிங் ஹோம் பக்கத்துலதான் இருக்கு. இப்ப கூட்டிக்கிட்டுப் போயி டிரஸ்ஸிங் பண்ணி, தேவைப்பட்டா ரெண்டு நாள் கழிச்சு இங்கயே கொண்டு வரேன். எங்க பொறுப்பு."

பாதுகாப்பு வாரத்தில் எல்லாமே பாதுகாப்பாக இருக்க வேண்டும், ஒரு விரலைத் தவிர. எனக்கு வாயில் வந்ததையெல்லாம் எழுதினால் அச்சில் வராது. அவரோ அதற்குள் வார்டனுக்குக் கண் காட்டிவிட்டார். வார்டன் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து எழுப்ப ஆரம்பித்தார். பிள்ளை எழுந்து நின்றுவிட்டது. சொல்பேச்சுக் கேட்டுக் கேட்டுப் பழகிய உடம்பு.

அப்போது என் மாணவன் குறுக்கே வந்து நின்றான். இன்னும் ஈயக் கவசத்தைக் கழற்றவில்லை. அதைப் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும், யாரும் சிரிக்கவில்லை. ஹெச்.ஆரிடம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை நாளாக அவரிடம்தான் எல்லாவற்றையும் பேசுவான். நேராக அவளைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "உங்களுக்கு எப்படி அடிபட்டுச்சு? நீங்க சொல்லுங்க" என்றான்.

அவள் வழக்கப்படி ஹெச்.ஆரைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். அவள் இப்போது 'ஆணி' என்று சொன்னால் நாங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. அவள் விரல், அவள் வாய்.

"கிரீஸ் கன்னு சார்" என்றாள். "லைன்ல வச்சித்தான் அடிச்சிட்டு. நா இங்கயே இருக்கேன். ஆபரேசன் பண்ணிருங்க."

வார்டன் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். அந்த அம்மா முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். ஹெச்.ஆர். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவருக்கும் மேலே ஒரு பலகை இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அவர்மீது இரக்கமெல்லாம் வரவில்லை.

அறுவை சிகிச்சையைப் பார்க்க என் மாணவன் தியேட்டருக்குள் போனான். விரலை நுனியிலிருந்து அடிவரை திறந்து, உள்ளங்கையிலும் கொஞ்சம் திறந்து கழுவினார்கள். மாலையில் வெளியே வந்தவன் என் எதிரில் நின்று, "வாழப்பழந்தான் மேடம்" என்றான். கண் கலங்கியிருந்தது. பாராட்டி ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "கவசத்தைக் கொண்டுபோய் எக்ஸ்-ரேல குடுத்துட்டு வா, அவங்க தேடறாங்க" என்றேன். எனக்கு வருவது அவ்வளவுதான்.

விரல் பிழைத்தது. மறுபடி ஒருமுறை கழுவினார்கள், தையல் போட்டார்கள், பயிற்சி கொடுத்தார்கள். போலீசுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னோம். சில நாட்களில் மருத்துவக் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு காபி கொடுத்தார். காபி கொடுத்தாலே விஷயம் பெரிது. அந்தக் கம்பெனி தன் ஆட்களை இனி வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போகிறதாம். "டாக்டர், எப்படி ஆச்சுன்னு கேட்டு ஹிஸ்டரி எடுக்க வேண்டியதுதான். அதுக்காக இவ்வளவு ஆழமா எடுக்கணுமா?" என்று வருத்தப்பட்டார். அடுத்த முறை மேலோட்டமாக எடுக்கச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்தத் தொழிற்சாலையின் பலகையில் எண் பூஜ்யத்துக்கு வந்ததா என்று விசாரித்தேன். பலகையைப் பெயிண்ட் அடிக்கக் கழற்றியிருப்பதாகச் சொன்னார்கள்.

அந்தப் பெண்ணை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை. அப்படியெல்லாம் செய்வார்களா? பயிற்சிக் காலம் முடிந்தது, அவ்வளவுதான். பெர்மனன்ட் ஆக்கும் பேச்சும் அத்தோடு முடிந்தது. இந்தச் செய்தி என் மாணவனுக்குத் தெரிந்த அன்று அவன் மதியம் சாப்பிடவில்லை. வேறு கம்பெனி இருக்கிறது என்று வாயால் சொன்னவன் அவன்தானே. நான் கேன்டீனிலிருந்து தயிர் சாதம் வாங்கி வந்து அவன் முன்னால் வைத்துவிட்டு, வழக்கம்போலக் கிண்டல் செய்யப் பார்த்தேன். முடியவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒருநாள் காலை அவள் வந்தாள், தனியாக. தலைமாட்டில் யாரும் இல்லை. யூனிஃபார்மின் நிறம் மாறியிருந்தது. எதிர்த்தாற்போல் இன்னொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாளாம், நல்ல இடமாம், ஓவர்டைம் பணம் ஒழுங்காகப் போடுகிறார்களாம், தங்கச்சி இரண்டாம் வருஷத்துக்குப் போய்விட்டாளாம். விரலைக் காட்டிவிட்டுப் போகத்தான் வந்திருந்தாள். என் மாணவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்து, மடக்கச் சொன்னான், நீட்டச் சொன்னான். கோணல் மாணலாகத் தழும்பு விரல் நீளத்துக்கும் ஓடியது. நுனிக் கணு மட்டும் முழுசாக மடங்கவில்லை. அது வேலைக்குத் தடையில்லை என்றாள். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இவ்வளவு பெரிய தழும்பு இருக்கே, சேக்கறப்ப ஒண்ணும் கேக்கலயா?" என்று நான்தான் கேட்டேன்.

"கேக்காம இருப்பாவளா மேடம்? எப்படி ஆச்சுன்னு ஹெச்.ஆர். மொதல்ல அதத்தான் கேட்டாரு. கன்னு அடிச்சிட்டுன்னு சொன்னா, இந்தப் புள்ள வேல தெரியாத புள்ள, நாளைக்கு இங்கயும் வம்புன்னு நெனப்பாவ."

"அப்ப என்ன சொன்ன?"

அவள் என் மாணவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள்.

"ஹாஸ்டல் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னேன் மேடம்."

"நம்பிட்டாங்களா?" என்றான் என் மாணவன்.

"ஒடனே நம்பிட்டாவ சார்."

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினாள்.